எம் விலங்கியற் கூடத்துக் கடல்நீர்த் தொட்டி

எம் கலாசாலையின் விலங்கியற் கூடத்தை அறியாத பழைய மாணாக்கர் இலர் எனலாம். வாயிலைக் கடந்து உட்புகுவார்க்கு வலப்புறத்தே பாம்பும் பல்லியும் தேளும் பூரானும் திராவகத்தில் மிதக்கும் சீசாக்கள் மூன்று அடுக்கில் நிற்கும். அவ்வடுக்கின் கடைசியில், நீளம் 2½ அடியும், அகலமும் உயரமும் 1¼ அடியும் உடைய கண்ணாடித் தொட்டியொன்று உளது. ஏறக்குறைய 100 லிட்டர் கடல்நீர் கொள்ளும் அத்தொட்டியை எமக்கு முன் கற்ற மாணாக்கர் சிலர் அமைத்துச் சென்றனர். சென்ற ஆண்டு ஆனித் திங்களில் அதன் பொறுப்பு எம் மூவர்பால் ஒப்புவிக்கப்பெற்றது. அதனை யாம் எவ்வாறு ஏற்றோம், எவ்வாறு கெடுத்தோம், பின் எவ்வாறு ஒருவாறு திருத்தினோம் என்பதையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

அது மாணாக்கரைச் சேர்க்கும் காலம். தமக்கையைச் சேர்க்க வந்த தந்தையின் கைபற்றி, ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கூடத்தினுள் வந்தாள். சீசாக்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டே வந்தவள் தொட்டியின் முன்னர் நின்றாள். நெடுநேரம் உற்றுநோக்கிய பின், "அப்பா, இதுவும் செத்ததா?" என்று வினவினாள். தந்தையார் எம்மை நோக்கினார். யாம் தரையை நோக்கினோம்.

அச்சிறுமியைக் குறைகூற இயலாது. தொட்டியின் பின்புறத்தே சுவர்போல் அடுக்கிய சாம்பல்நிறக் கற்கள், முன்புறத்தே வெறுமணல், கோமாளி மீன்கள் இரண்டும் கற்களுக்குப் பின்னே பதுங்கிக் கிடந்தன. நீரிலோ யாதொரு குற்றமும் இல்லை. ஒரு கிலோ நீருக்கு 35 கிராம் உப்பு இருந்தது. வெப்பம் 27 பாகையில் நின்றது. எமக்கு முன்னிருந்தோர் கருத்துடன் காத்த தொட்டிதான். ஆயினும் காண்பதற்கு ஒன்றுமில்லை என்றே யாம் கருதினோம். ஆசிரியர் அப்போது ஒரு மாத விடுமுறையில் இருந்தார். அவர் திரும்புமுன் தொட்டியை அழகு செய்துவிடவேண்டும் என்னும் ஆசை எம்மைப் பற்றிக்கொண்டது.

மூவரும் கைப்பொருளைத் திரட்டிக்கொண்டு நகரத்துக் கடைக்குச் சென்றோம். நீலமணிபோல் ஒளிரும் டாம்சல் மீன்கள் நான்கும், வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்றும் வாங்கி வந்து அன்றே விட்டோம். பத்து நாள் வரை எம் மகிழ்ச்சிக்கு அளவில்லை. வேதியியற் கூடத்தாரும் கணக்கு வகுப்பாரும் இடைவேளையில் வந்து பார்த்துச் சென்றனர். நீலமீன்கள் ஒன்றையொன்று துரத்துவதை விளையாட்டென்று எண்ணினோம். அது விளையாட்டன்று, இடம்போதாமையால் எழுந்த போர் என்பது பின்னரே விளங்கிற்று. வண்ணத்துப்பூச்சி மீனோ இட்ட உணவைத் தொடவேயில்லை. அவ்வினத்திற் பல, உயிருள்ள பவளத்தின் சதையன்றி வேறுணவு கொள்ளா என்பதை வாங்குமுன் யாம் படித்திருத்தல் வேண்டும்.

பதினோராம் நாள் மீன்களின் மேனியில் உப்புக்கல் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றின. செம்பு கலந்த மருந்து இந்நோயைத் தீர்க்கும் என்று ஒருவர் சொல்லக் கேட்டோம். அச்சொல் பொய்யன்று. ஆனால் நோயுற்ற மீனைப் பிரித்து வேறொரு கலத்தில் வைத்து, அளந்து கொடுக்கவேண்டிய மருந்து அது. யாமோ மயில்துத்தத்தைக் கரைத்து, மாலையில் தொட்டியிலேயே ஊற்றிவிட்டுச் சென்றோம். அளந்தோமா என்று கேட்பின், கண்ணால் அளந்தோம் என்பதே விடை.

மறுநாட் காலையில் யாம் கண்டதை எழுதக் கை கூசுகின்றது. துறவி நண்டுகள் தம் சங்குவீட்டை விட்டு வெளியே வந்து மென்மையான வயிறு தெரிய மணலில் கிடந்தன. நத்தைகள் கண்ணாடியினின்று கழன்று விழுந்திருந்தன. இவை தொட்டியில் இருந்ததை முன்னரே அறிவோம்; ஆயினும் ஒருபொருட்டாக எண்ணியதில்லை. யாம் ஒருகாலும் கண்டிராத உயிர்கள், கற்களின் புழையெல்லாம் விட்டு வெளியேறி மடிந்து கிடந்ததே எம்மைத் திகைக்கச் செய்தது. நூலினும் மெல்லிய கைகளையுடைய சிறு நட்சத்திர மீன்கள், செந்நிறச் சுணைப்புழுக்கள், அரிசி நொய்யளவான ஓட்டுடலிகள், பெயரறியாத இன்னும் பல. அத்தொட்டியில் இத்தனை உயிர் வாழ்ந்தன என்பதை அவை இறந்த பின்னரே அறிந்தோம்.

கூடத்தின் சாவியை வைத்திருக்கும் பணியாளர் அண்ணாச்சி எம் பின்னே வந்து நின்றார். "தம்பிமாரே, இரவு பூட்ட வரும்போது கைவிளக்கை அடித்துப் பார்ப்பேன். இந்தப் பூச்சியும் புழுவும் நட்சத்திரமும் கல்லின்மேல் திருவிழாக் கூட்டம்போல் உலாவும். நீங்கள் ஒருநாளும் பார்த்ததில்லையா?" என்றார். யாம் மாலை நாலரைக்கே வீடு செல்பவர்கள். செத்ததென்று சிறுமியும், வெறுமையானதென்று யாமும் எண்ணிய தொட்டி, ஏழு மணிக்குமேல் வேறொரு தொட்டியாய் இருந்திருக்கின்றது. அதனை அறிந்தவர் அவர் ஒருவரே.

ஆசிரியர் திரும்பி வந்தார். கடிந்துகொள்வார் என்று நடுங்கினோம். அவர் ஒரு பதிவேட்டை எடுத்துக் கொடுத்து, "இறந்தவற்றை எண்ணி எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார். துறவி நண்டு 14, நத்தை 23, சிறு நட்சத்திரம் 9. புழுக்கள் எண்ணில் அடங்கவில்லை. இரண்டு டாம்சல் மீன்களும் பட்டினியால் வண்ணத்துப்பூச்சி மீனும் மடிந்தன. எஞ்சிய டாம்சல் மீன்களைக் கலத்தில் வைத்து நோய் தீர்த்துக் கடைக்கே திருப்பிக் கொடுத்தோம். கோமாளி மீன்கள் இரண்டும் பிழைத்தன. கற்களை வைத்துக்கொள்ளவும் வழியில்லை. சுண்ணாம்புக் கல் செம்பை உட்கொண்டு சிறிது சிறிதாக வெளியிடும் இயல்புடையது. அக்கற்களோடு நண்டோ நத்தையோ மீண்டும் வாழ்தல் அரிது. ஆகவே தொட்டியை முற்றும் கவிழ்த்து, முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

நிற்க. கடல்மீன்களைக் கண்ணாடியில் வைத்துக் காட்டுவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1909-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையில் மீன்காட்சிச் சாலை திறக்கப்பெற்றது. கடலருகில் உள்ளோர்க்கு நீரை ஓயாது மாற்றுதல் எளிது. சிறு தொட்டியிலோ அழுக்கை அகற்றுவதே பெரும்பாடு. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார், கடலினின்று எடுத்த கல்லை அதன்மேல் வாழும் சிற்றுயிர்களோடு தொட்டியில் இட்டு, காற்றுக்குமிழிகளால் நீரை இயக்கி, மீனும் பவளமும் வாழச் செய்த முறையினை 1961-ல் எழுதி வெளியிட்டார். மீனின் கழிவில் தோன்றும் அம்மோனியா கொடிய நஞ்சு. கல்லிலும் மணலிலும் உறையும் நுண்ணுயிர்களில் ஒருசாரார் அதனை நைட்ரைட்டாகவும், பிறிதொரு சாரார் அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுவர். தின்றெஞ்சிய உணவைப் புழுவும் நண்டும் அகற்றும். பாசியை நத்தை மேயும். யாம் மயில்துத்தம் ஊற்றிக் கொன்றது இக்குடும்பத்தைத்தான் என்று ஆசிரியர் விளக்கியபோது எமக்கு அழுகை வந்தது.

புதிய கற்களை யாமே வார்த்தோம். சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து, ஈரமணலில் குழிதோண்டி ஊற்றி, இடையிடையே கல்லுப்பை வைத்தோம். உப்புக் கரைந்தபின் அவ்விடமெல்லாம் புழையாயிற்று. சிமெண்டின் காரம் நீங்க ஆவணியும் புரட்டாசியும் நீரில் ஊறவைத்து மாற்றிக்கொண்டே இருந்தோம். முன்போல் சுவராக அடுக்காமல், ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும், நடுவே ஒரு வளைவும், அடியிற் குகைகளும் அமையுமாறு நிறுத்தினோம். ஒளிய இடம் மிகுத்தால் மீன் எப்போதும் ஒளிந்தே கிடக்கும் என்று யாம் அஞ்சினோம். நேர்ந்தது அதற்கு மாறு. புகலிடம் அருகே உண்டென்று அறிந்த மீன் துணிவாக வெளியே வந்து திரிகின்றது. நீரைச் சுழற்றும் சிறு பொறிகள் இரண்டினை எதிரெதிர் மூலைகளில் வைத்து, மாறிமாறி ஓடச் செய்தோம். பாசி ஒருகால் இப்பக்கமும் ஒருகால் அப்பக்கமும் சாய, தொட்டி மூச்சுவிடுவதுபோல் தோன்றும்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை, நீர் வற்றும் வேளையில், கன்னியாகுமரிப் பாறைகளுக்குச் சென்றோம். பாறைக்குழி ஒவ்வொன்றும் ஒரு தொட்டியே. யாம் ஆவலோடு கற்களைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைக் கண்ட முதியவர் ஒருவர், வலையைத் தோளினின்று இறக்கி, "மக்களே, புரட்டின கல்லைப் பழையபடி வையுங்கள். அடியில் இருக்கிறவனுக்கு அதுதானே கூரை" என்றார். புரட்டிய கற்களையெல்லாம் தேடித்தேடித் திருப்பி வைத்த பின்னரே வேலையைத் தொடர்ந்தோம். துறவி நண்டு பத்தும், நத்தை பன்னிரண்டும், கைப்பிடியளவு பாசியும், ஒரு கலம் ஈரமணலும் மட்டும் கொண்டு வந்தோம். அம்மணலில் ஒட்டிவந்த சிற்றுயிர்களே இன்று தொட்டியின் பெருங்குடி. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையிற் காணாமற் போகும்வரை, ஆறு வாரம், மீன்களைக் கலத்திலேயே வைத்துக் காத்திருந்தோம். காத்திருத்தலே இக்கலையிற் கடினமான பகுதி. அதைச் செய்யத் தெரியாமல்தான் முன்பு கெட்டோம்.

இந்நிலையில் பழைய மாணவர் ஒருவர் தொட்டியைக் காண வந்தார். கடற்புறத்தில் தொழில் நடத்துபவர். கலாசாலையின்பால் மிக்க அன்புடையவர். "பவளமில்லாத பார் ஒரு பாரா? வலையில் உயிரோடு சிக்கும். அடுத்த வாரம் இரண்டு கொத்து அனுப்புகிறேன்" என்றார். எம் மூவருள் ஒருவர் உடனே தலையசைத்துவிட்டார். யார் என்று எழுதவில்லை.

அன்றிரவு எமக்குள் பெரிய வாதம் நடந்தது. எப்படியும் வலையில் சிக்கியது வீணாகத்தானே போகும் என்பது ஒரு கட்சி. சட்டமோ தெளிவாக உளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், 2001 முதல் பார் கட்டும் பவளங்கள் யாவும் முதல் அட்டவணையில் அடங்கும். புலியும் அவ்வட்டவணையில்தான் உளது. முன்னாளில் தூத்துக்குடிக் கடற்புறத்தே பவளக்கல்லைப் பெயர்த்துச் சுண்ணாம்புக்கு விற்றனர். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சூழ்ந்த கடல், 1986-ல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட பின்னரும், 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நீர் சூடேறியதால் அங்குள்ள பவளங்கள் வெளுத்தன. ஆண்டிற்கு 1 சென்டிமீட்டர் அளவே வளரும் இனங்களும் அவற்றுள் உள. சட்டத்தைக் காட்டிலும் எம்மைத் தடுத்தது அப்பதிவேடு. அதில் இன்னொரு பக்கம் எழுத எமக்கு மனமில்லை. பவளத்திற்கு வேண்டும் ஒளியும் சுண்ணாம்புச் சத்தும் நாளும் அளந்து கொடுக்க யாம் கற்றிருக்கவுமில்லை. மறுநாள் அப்பெரியவர்க்கு வணக்கத்துடன் மறுப்புக் கடிதம் எழுதினோம். மறுமொழி வரவில்லை. அவர் வருந்தினார் என்றே அறிந்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாக்குப்பை வந்தது. அதனுள் பலவளவான வெறும் நத்தையோடுகள். "இவை சட்டத்திற்கு ஒத்தவையா?" என்று ஒரு துண்டுத்தாளில் எழுதியிருந்தார். ஆசிரியர் ஒவ்வொன்றாய்ப் பார்த்து, காப்புப் பட்டியலில் இல்லாத சாதாரண ஓடுகளே என்று உறுதிசெய்தார்.

அந்த ஓடுகளைப் போல் எம் தொட்டிக்கு உயிர் கொடுத்தது பிறிதொன்றில்லை. துறவி நண்டிற்குப் பின்னுடல் மென்மையானது. வெறும் சங்கொன்றைத் தேடிப் புகுந்து, உடல் வளர வளரப் பெரிய வீடு மாறவேண்டியது. ஓடுகளை மணலிற் பரப்பிய மறுநாள், பெரிய நண்டொன்று புதிய ஓட்டைக் கால்களால் உருட்டி, வாயிலுள் கொடுக்கை நுழைத்து அளந்து, நெடுநேரம் ஆராய்ந்தது. அதற்குள் வேறு நான்கு நண்டுகள் அருகில் வந்து நின்றன. முதல் நண்டு சட்டென்று வீடு மாறிற்று. அது விட்ட வீட்டில் அடுத்தது புகுந்தது. அதன் வீட்டில் அதற்கும் சிறியது. கடைசியில் ஓட்டையான ஓடொன்று யாருக்கும் வேண்டாததாய் மணலில் கிடந்தது. பொருளாதார வகுப்பார் இதனைக் காண இரண்டு நாள் வந்து காத்திருந்தனர். அவர்கள் இருந்தபோது நண்டுகள் அசையவேயில்லை.

தைத் திங்களில், தொட்டி அமைதியுற்றதென்று ஆசிரியர் இசைந்தபின், உளுவை மீன் ஒன்றும் சொடுக்கு இறால் ஒன்றும் வாங்கினோம். இவ்விரண்டும் ஒரு வளையிற் குடித்தனம் நடத்துபவை. இறாலுக்குக் கண்பார்வை மிகக் குறைவு. அது ஓயாமல் மணலை வாரி வெளியே கொட்டி வளையைச் செப்பனிடும். உளுவை வாயிலில் காவல் நிற்கும். வெளியே வரும் இறால் தன் உணர்கொம்பொன்றை மீனின்மேல் வைத்தபடியே இருக்கும். பகை வருவதைக் கண்டால் உளுவை வாலை அதிர்விக்கும். அவ்வதிர்ச்சி கொம்பின்வழி எட்டியவுடன் இறால் உள்ளே மறையும். இவை வந்த இரண்டாம் இரவு அண்ணாச்சி எம் விடுதிக்கு ஓடிவந்து, "தொட்டிக் கண்ணாடி விரிந்துவிட்டது, சத்தம் கேட்டேன்" என்றார். வாளிகளுடன் ஓடினோம். ஒருதுளி நீரும் ஒழுகவில்லை. இறால் கொடுக்கைச் சொடுக்கிய ஓசைதான் அது. கொடுக்கு மூடும் விரைவில் நீரில் ஒரு குமிழி தோன்றுகின்றது; அக்குமிழி நசுங்கும்போதே வெடியோசை எழுகின்றது என்று 2000-ஆம் ஆண்டில் நெதர்லாந்து, செருமனி நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டு வெளியிட்டனர்.

விளக்கின் நேரத்தையும் மாற்றினோம். முன்னர்க் காலை முதல் மாலைவரை எரிந்த எல்.இ.டி. விளக்கு இப்போது நண்பகலில் தொடங்கி, மாலையில் நீலமாய் மங்கி, ஆறரைக்கு அணைகின்றது. கடல்வாழ் சிற்றுயிர் பலவற்றின் கண்ணுக்குச் செவ்வொளி எளிதிற் புலனாகாது. ஆகவே சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய கைவிளக்கினால் பார்த்தால் அவை கலையாமல் உலாவும். உப்புநீரில் ஆர்ட்டீமியா முட்டையை இட்டால் ஒரு நாளில் குஞ்சுகள் வெளிவரும். வாரத்தில் இரண்டு நாள் அக்குஞ்சுகளை இரவில் விடுகின்றோம். அப்போது கல்லின் புழைதோறும் விசிறிப் புழுக்கள் தம் விசிறியை விரிக்கும் காட்சியை நேரில் காண்பதே தகும்.

பங்குனியில் கோமாளி மீன்கள், யாம் சாய்த்து வைத்த மண்சட்டித் துண்டொன்றில் முட்டையிட்டன. இவ்வினத்தில் எல்லாமே முதலில் ஆண். இருப்பவற்றுள் பெரியது பெண்ணாக மாறும். இட்டது பெரியது, காத்தது சிறியது. இரவும் பகலும் செட்டையால் விசிறி, கெட்ட முட்டைகளை அகற்றி அது பட்ட பாட்டைக் கண்டு, யாம் அதற்குப் பெயரிடலாமென்றோம், ஆசிரியர் இசையவில்லை. ஆரஞ்சு நிறமாயிருந்த முட்டைகளில் பின்னர் வெள்ளிக் கண்கள் தோன்றின. எட்டாம் இரவு, விளக்கணைந்து ஒரு மணி நேரத்தில், குஞ்சுகள் வெளிவந்தன. அவற்றின் வாய்க்குச் சக்கர உயிரிகள் என்னும் நுண்ணிய இரை வேண்டும். மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்த்த முறை அச்சில் உளது. அதனை யாம் படித்துமிருந்தோம். ஆயினும் எம் சக்கர உயிரிக் கலம் அதற்கு முதல் வாரமே வீணாய்ப் போயிற்று. ஐந்தாம் நாளில் குஞ்சு ஒன்றும் எஞ்சவில்லை. பதிவேட்டில் எழுதினோம், இம்முறை எண்ண இயலவில்லை.

யாம் இவ்வாண்டு கலாசாலையை விட்டுச் செல்கின்றோம். பொறுப்பேற்கும் இரண்டாம் ஆண்டு மாணாக்கர் மூவர்க்கும் சில சொற்கள். நீர் ஆவியாகும், உப்பு ஆகாது. ஆதலால் குறைந்த நீருக்கு நன்னீரே ஊற்றுக. சித்திரை வெயிலில் தொட்டிமேல் மின்விசிறி ஓடட்டும். சக்கர உயிரிகளை ஒரு கலத்தில் அல்ல, மூன்று கலங்களில் வளர்த்து வருக. கோமாளி மீன் மீண்டும் சட்டித் துண்டைத் துப்புரவு செய்யத் தொடங்கிவிட்டது. பதிவேடு இடப்புற அலமாரியில் இரண்டாம் தட்டில் உளது. பார்க்க விரும்பும் ஏனையோர் மாலை ஆறரைக்குமேல் வருக. சிவப்புத் தாள் சுற்றிய கைவிளக்கு அண்ணாச்சியிடம் இருக்கின்றது.